திண்டுக்கல் சீமைத் தொழில் வரலாறு – 17: மூன்று தம்படி

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், கிழக்கே சிறுமலை நீலத்திரைபோல் கூடவே வர, ஏழு கல் தொலைவு சென்றால் சின்னாளபட்டி வரும். விடியுமுன்னரே வீதியில் பாவு விரித்து, கஞ்சி பூசி, இழை அறுந்த இடங்களைத் தேடித் தேடி முடிந்து, வெயில் ஏறுமுன் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் குழித்தறியில் அமர்ந்துவிடும் அவ்வூர் ஜனங்களின் காலைப் பொழுதை என் பால்யத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். திண்டுக்கல் நகருக்குள்ளேயே நாகல் நகர்ச் சந்துகளில், சௌராஷ்டிரக் குடும்பங்களின் வீடுகளிலிருந்து இரவு வெகுநேரம் வரையில் தறியோசை கேட்டுக்கொண்டிருக்கும். தீபாவளி நெருங்கும்போது கூட்டுறவுச் சங்கக் கடையின் வாயிலில் ‘தள்ளுபடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய தட்டி ஒன்று தொங்கும். அந்தத் தள்ளுபடியைக் கடைக்காரர் கொடுக்கவில்லை, சர்க்கார் கொடுக்கிறது என்று என் தந்தையார் சொன்னார். சர்க்காருக்கு ஏதப்பா பணம் என்று கேட்டேன். நம்மிடம் வாங்கியதுதான் என்று சொல்லிவிட்டு அவர் துணியை மடித்துக்கொண்டு நடந்தார். அந்த மறுமொழி நெடுங்காலம் என்னை விடவில்லை. ஊரார் அனைவரிடமும் வரியாக வாங்கிய பணத்தை, ஒரு தொழிலைச் செய்து வயிறு வளர்ப்போருக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க ராஜாங்கத்துக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த அதிகாரம் நியாயமாகிறது? சென்ற பகுதிகளில் சுருட்டின் கதையைப் பார்த்து வந்த நாம், இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியின் சரித்திரத்தைத் தறியின் வழியாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தறிக்குக் கொடுப்பது என்பது நம் ராஜாங்கங்களுக்குப் புதிய வழக்கம். தறியினிடம் வாங்குவதே பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தறியிறை என்ற பெயரில் அவ்வரி காணப்படுகிறது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினியாரின் கைக்கு வந்தபோது, தறிகளின்மீதும் கைத்தொழிலாளர் கருவிகளின்மீதும் விதிக்கப்பட்டிருந்த மொகதர்பா என்னும் வரியும் அதனுடன் சேர்ந்தே வந்தது. கும்பினியாரின் ஆட்சி முடிந்த பிறகுதான் அது சென்னை ராஜதானியில் அடியோடு ஒழிந்தது. லங்காஷயர் ஆலைகளின் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய அதே ஆண்டுகளில் நம் நெசவாளன் தன் தறிக்கு வரியும் செலுத்திக்கொண்டிருந்தான். இதை நான் ஒரு புலம்பலாகச் சொல்லவில்லை. பிற்காலத்தில் நெசவாளனுக்குக் கொடுத்த மானியத்தைத் தருமம் என்று பேசியோர், கணக்கின் முதற்பக்கத்தைப் பாராமல் பேசினார்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

தொழில்களுக்குச் சர்க்கார் உதவலாமா என்ற கேள்வி சென்னையில் முதன்முதலாக உரக்க எழுந்தது ஆல்பிரெட் சாட்டர்ட்டன் என்ற பொறியியற் பேராசிரியரால். அலுமினியப் பாத்திரத் தொழிலையும், குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையையும் சர்க்கார் செலவில் இங்கே தொடங்கிக் காட்டியவர் அவர். சேலத்தில் ஒரு நெசவுச்சாலை அமைத்து, கையால் எறியும் நாடாவுக்குப் பதிலாக விசைநாடாவைப் பழக்க முயன்றவரும் அவரே. 1908-ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டின் ஆதரவோடு சென்னை அரசாங்கம் இவ்வேலையை விரிவாக்க முற்பட்டபோது, இங்குள்ள ஐரோப்பிய வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். எங்களிடம் வரி வாங்கி எங்களுக்கே போட்டியாகக் கடை வைப்பதா என்பது அவர்களுடைய ஆக்ஷேபம். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-இல் அந்த ஆக்ஷேபத்தை ஏற்று, சர்க்கார் தொழில் கல்வி புகட்டலாம், தொழில் சம்பந்தமான தகவல்களைத் திரட்டிக் கொடுக்கலாம், வியாபாரத்தில் இறங்கலாகாது என்று உத்தரவிட்டார். சேலத்து நெசவுச்சாலையும் அந்த உத்தரவுக்குத் தப்பவில்லை.

மார்லியின் முடிவு நம் தேசத்துக்குத் தீங்கானது. எனினும் ஆக்ஷேபத்தில் ஒரு கூறு உண்மையாக இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்டர்ட்டன் செய்ததெல்லாம் ஒரு நல்ல அதிகாரியின் நல்ல எண்ணத்தால் நடந்தது. அதற்கு ஒரு சட்டம் இல்லை. யாருக்கு உதவலாம், யாருக்குக் கூடாது, எவ்வளவு, எத்தனை காலம், திரும்ப வாங்குவது எப்படி என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நல்ல அதிகாரி மாறி வேறொருவர் வந்தால் அதே கஜானா அவருடைய நண்பருக்கும் திறக்கும். இதே பயம் உலகில் வேறிடத்திலும் நீதிமன்றத்தின் முன் வந்தது உண்டு. அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்து டொபீகா நகரசபை, இரும்புப் பாலங்கள் செய்யும் ஒரு கம்பெனியைத் தன் ஊருக்கு இழுப்பதற்காக ஒரு லட்சம் டாலருக்குக் கடன் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தது. 1870-களில் அந்த வழக்கை விசாரித்த அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுக் காரியத்துக்கன்றித் தனியார் ஆதாயத்துக்காக ஜனங்களின்மேல் வரிபோட எந்தச் சபைக்கும் அதிகாரமில்லை என்று அப்பத்திரங்களைச் செல்லாதவை ஆக்கிவிட்டது. ஊருக்குத் தொழிற்சாலை வந்தால் ஊரே பிழைக்கும் என்ற வாதத்தை அந்த நீதிபதிகள் ஏற்கவில்லை. அப்படிப் பார்த்தால் சத்திரக்காரரும் செருப்புத் தைப்பவரும் ஊருக்கு உபகாரிகளே, அவர்களுக்கெல்லாம் வரிப்பணம் கொடுக்க முடியுமா என்பது அவர்கள் தீர்ப்பின் உட்பொருள்.

முதல் உலக யுத்தம் மார்லியின் கொள்கையைத் தகர்த்தது. கப்பல்கள் வராதபோது ஓர் ஆணிக்கும் சாயத்துக்கும் தேசம் தவித்ததைக் கண்ட பிறகே 1916-இல் இந்தியத் தொழில் கமிஷன் அமைக்கப்பட்டது. பண்டித மதன் மோகன மாளவியா அதில் அங்கத்தினராக இருந்து, அறிக்கையோடு தம் தனிக் குறிப்பையும் இணைத்தார். இரட்டையாட்சியில் தொழில்துறை மாகாண மந்திரியின் பொறுப்புக்கு வந்தது. நீதிக்கட்சி மந்திரிசபையில் அபிவிருத்தி மந்திரியாக இருந்தவர் கே. வி. ரெட்டி நாயுடு. அந்தக் காலத்தில்தான், 1922-ஆம் ஆண்டில், தொழில்களுக்கு ராஜாங்க சகாயம் அளிக்கும் சென்னைச் சட்டம் பிறந்தது. மற்ற மாகாணங்கள் பின்பற்றுவதற்கு முன்மாதிரியாக நின்ற இச்சட்டத்தை இன்று எவரும் நினைப்பதில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்ட கேள்விக்கு இந்த நாட்டில் எழுதப்பட்ட முதல் நேர்மையான விடை அதுவே என்று கருதுகிறேன். ஆகையால் அதனிடத்தில் சற்று நிற்போம்.

அச்சட்டம் முதலில், நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் முக்கியமான சம்பந்தம் உடைய தொழிலாக இருக்க வேண்டும் என்று வேலி போட்டது. வேலிக்குள்ளும் மூவகைத் தொழில்களுக்கே இடம்: புதிதாகப் பிறந்த இளந்தொழில், ஓரிடத்தில் வளராதிருந்து அங்கே புதிதாகக் கொண்டுவரப்படும் தொழில், குடிசைத் தொழில். நெசவாளன் இந்த மூன்றாம் வாயில் வழியாகவே சட்டத்துக்குள் நுழைந்தான். கூட்டுப் பங்குக் கம்பெனியாயின் அது இந்தியாவில் ரூபாய் மூலதனத்தோடு பதிவாகியிருக்க வேண்டும், நிர்வாக சபையில் இந்தியருக்கு இடமிருக்க வேண்டும், இந்தியருக்குத் தொழில் பயிற்சி அளிக்க வேண்டும். சகாயம் கடனாகவும் இருக்கலாம், பங்கு வாங்குவதாகவும் இருக்கலாம், நிலமோ விறகோ தண்ணீரோ சலுகை விலையில் கொடுப்பதாகவும் இருக்கலாம். ஆனால் வாங்கியவன் கணக்கைக் காட்ட வேண்டும், சர்க்காரின் தணிக்கைக்கு உட்பட வேண்டும், லாபத்தை இஷ்டம்போல் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது, கடனைக் கட்டத் தவறினால் நிலவரி பாக்கியைப்போல் வசூலிக்கப்படும். வரிப்பணத்தை வாங்குகிறவன், வாங்கிய கணம்முதல் முழுத் தனியாளாக இருக்க முடியாது என்பதே இவ்விதிகளின் கருத்து. டொபீகாவின் நீதிபதிகள் கதவை மூடினார்கள். சென்னைச் சட்டசபை கதவைத் திறந்து, வாயிற்படியில் ஒரு கணக்கனை உட்கார வைத்தது. நம்மைப்போன்ற ஏழை நாட்டுக்கு இரண்டாவது வழியே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். பிற்காலத்தில், 1957-ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையால் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடியபோது, வியாபாரப் போட்டியைக் கெடுக்கும் ராஜாங்க உதவி கூடாது என்று முதலில் விலக்கிவிட்டு, வாழ்க்கைத்தரம் மிகத் தாழ்ந்த பிரதேசங்களுக்கு விதிவிலக்கு வைத்தார்கள். அந்த விதிவிலக்கைப் படிக்கும்போது, தொழில் வளராத இடத்துக்குச் சகாயம் என்ற நம் பழைய சட்டத்தின் சாயலே எனக்குத் தெரிகிறது.

ஆயினும் 1922-ஆம் ஆண்டுச் சட்டம் குழித்தறிக்காரனுக்கு நேரே பெரிய பயன் தரவில்லை. கடன் வாங்குவதற்கு ஜாமீனாகச் சொத்து வேண்டும். தறிக்குழியும், கடன்பட்ட வீடும் தவிர அவனிடம் சொத்தேது? நூலை முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்து, துணியை அவரிடமே ஒப்படைத்து, முன்பணக் கடனிலேயே வாழ்ந்து மடிகிறவனுக்கு, தனித்தனியாக உதவிப் பயனில்லை, கூட்டாக உதவ வேண்டும் என்பது புரிவதற்கு இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 1934-இல் இந்திய சர்க்கார் கைத்தறிக்காக ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் மாகாணங்களுக்கு மானியம் கொடுக்க இசைந்தது; அதன் பலனாக 1935-இல் சென்னையில் மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று ஊர்தோறும் ‘கோ-ஆப்டெக்ஸ்’ என்று அழைக்கப்படும் ஸ்தாபனம் அதுவே. தேசம் முழுமைக்கும் 5 லட்சம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனால் அன்று வகுத்த வழி, அதாவது பணம் நெசவாளனின் கையிலோ முதலாளியின் பெட்டியிலோ விழாமல், அங்கத்தினர்களுக்குப் பொறுப்பான ஒரு சங்கத்தின் வழியாக நூலாகவும் சாயமாகவும் விற்பனையாகவும் சென்று சேர்வது, இன்றளவும் நிற்கிறது.

இரண்டாம் யுத்தத்தின்போதும் அதன் பின்னும் நூல் கிடைக்கவில்லை; நூல் கிடைத்தபின் துணி விற்கவில்லை. 1952-இல் தேக்கம் உச்சத்துக்கு வந்தது. சென்னையில் முதன்மந்திரியாக அமர்ந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே விடப்பட வேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யலாகாது என்று மத்திய சர்க்காரிடம் விடாது வாதாடினார். எதிர்ப்பக்கத்தில், திராவிட முன்னேற்றக் கழகத்தார் 1953-இன் தொடக்கத்தில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து வீதிவீதியாக விற்றார்கள். ஒன்றில்கூட ஒத்துப்போகாத இரு சாராரும் நெசவாளன் வாசலில் வந்து நின்றது அந்தக் காலத்தின் பெருமை. 1952 டிசம்பர் முதல் ஆலைகள் தம் மாதச் சராசரி வேட்டி உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்கு மேல் நெய்யக் கூடாதென்று மத்திய சர்க்கார் கட்டளையிட்டது. அகில இந்தியக் கைத்தறி போர்டும் அந்த ஆண்டிலேயே அமைந்தது.

அடுத்த ஆண்டில் வந்ததுதான் மூன்று தம்படி. கதர் முதலிய கைத்தறித் தொழில்களின் அபிவிருத்திக்காக ஆலைத்துணியின்மீது மேல்வரி விதிக்கும் 1953-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு கஜம் ஆலைத்துணிக்கு மூன்று தம்படி என்று நிர்ணயித்தது. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே அறுபத்து நான்கு கஜம் ஆலைத்துணி விற்றால் கைத்தறிக்கு ஒரு ரூபாய் சேரும். வேட்டி வாங்குகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் தேசம் முழுவதும் விற்ற துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த அந்தப் பணம் தள்ளுபடியாகவும், சாயச்சாலையாகவும், விற்பனைக்கடையாகவும் திரும்பி வந்தது. சங்கத்தில் சேரப் பங்குத்தொகை கட்ட வழியற்ற நெசவாளன் சிறு பகுதியைத் தான் கட்ட, மிச்சத்தைச் சர்க்கார் கடனாகக் கொடுத்ததும் அந்தப் பணத்தினால்தான். என் தந்தையார் ‘நம்மிடம் வாங்கியதுதான்’ என்று சொன்னாரே, அந்த வாக்கின் முழு அர்த்தம் பல ஆண்டுகளுக்குப் பின் இந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. சின்னாளபட்டிச் சேலை நாடறிந்த சேலையானதும், அவ்வூரை அடுத்து 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமத்தில் கதர்த்தொழில் வேரூன்றியதும் இந்தச் சூழ்நிலையிலேதான்.

ஒரு தொழில்மீது வரிபோட்டு அதன் போட்டித் தொழிலுக்குக் கொடுப்பது சட்டசம்மதமா? இங்கே நம் அரசியல் சாசனத்துக்குள் நுழைய வேண்டும். பதினான்காம் ஷரத்து சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. பத்தொன்பதாம் ஷரத்து எத்தொழிலையும் செய்ய உரிமை தருகிறது. இவற்றை மட்டும் படித்தால் ஆலைக்காரரின் வாதம் வலுவானதே. ஆனால் நாற்பத்து மூன்றாம் ஷரத்தில், கிராமங்களில் குடிசைத் தொழில்களைத் தனித்தோ கூட்டுறவாகவோ வளர்க்க ராஜ்யம் முயல வேண்டும் என்ற வாசகம் உண்டு. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூரின் கூட்டுறவுத் தலைவர் டி. ஏ. ராமலிங்கம் செட்டியார். கொங்குநாட்டு நெசவுக் கிராமங்களை நன்கறிந்த ஒருவரால் சாசனத்துக்குள் வந்த அந்த வாசகம் பின்னாட்களில் எத்தனை வழக்குகளில் நெசவாளனுக்குக் கேடயமாக நின்றது என்பதை எண்ணினால் வியப்பாயிருக்கிறது. இதனோடு இருநூற்று எண்பத்திரண்டாம் ஷரத்து, எந்தப் பொதுக் காரியத்துக்கும் மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் மானியம் வழங்கலாம் என்கிறது. சட்டமியற்றும் அதிகாரம் தன் கையில் இல்லாத விஷயத்துக்குக்கூட வழங்கலாம். பீம் சிங் வழக்கில் 2010-இல் ஐந்து நீதிபதிகள் இந்த அதிகாரம் விரிந்ததே என்று கூறினார்கள். ஆயினும் காரியம் பொதுவானதாக இருக்க வேண்டும், பணம் சட்டசபையின் ஒப்புதலோடு கஜானாவிலிருந்து வெளியேற வேண்டும் என்ற இரண்டு வரம்புகளும் அப்படியே இருக்கின்றன.

1962-இல் ஓரியண்ட் வீவிங் மில்ஸ் என்ற கம்பெனி உச்ச நீதிமன்றம் சென்றது. கூட்டுறவுச் சங்கங்களின் விசைத்தறித் துணிக்குக் கலால்வரி விலக்கு அளித்துவிட்டு, அதே துணியை நெய்யும் எங்களுக்கு மட்டும் வரியா என்பது வழக்கு. நீதிமன்றம் அதைத் தள்ளியது. சிறிய உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து அமைத்த சங்கமும் மூலதனத்தோடு வந்த கம்பெனியும் ஒரே நிலையில் இல்லை. ஒரே நிலையில் இல்லாதோரை வேறாக நடத்துவது சமத்துவத்துக்கு மாறன்று. நாற்பத்து மூன்றாம் ஷரத்து காட்டும் வழியிலேயே சர்க்கார் நடந்திருக்கிறது என்றது தீர்ப்பு. கவனிக்க வேண்டியது யாதெனில், வரி விலக்கும் மானியமும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். கஜானாவுக்கு வரவேண்டியதை வாங்காமல் விடுவதும், வந்ததை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றே. பிறகு 1985-இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. விசைத்தறி உடைமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பர்வேஜ் அக்தர் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது.

ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் சட்டம் வழக்கில் கட்டுண்டு கிடக்க, விசைத்தறிகள் பெருகின; 1996-இல் ஒதுக்கிய வகைகள் 11 ஆகக் குறைந்தன. நீதிமன்றத்தில் வென்ற உரிமை நெசவாளன் வீட்டுக்கு வருவதற்குள் அவன் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இதைவிட எனக்கு வருத்தமளிப்பது ஒன்று உண்டு. விசைத்தறியில் ஓட்டிய துணியைக் கைத்தறி என்று முத்திரையிட்டுத் தள்ளுபடியைப் பெறும் மோசடியும், அதற்காகவே பெயரளவில் தோன்றிய போலிச் சங்கங்களும் இந்தச் சரித்திரத்தின் ஒரு பகுதியே. அந்தக் கணமே மானியத்தின் சட்ட நியாயம் அற்றுப்போகிறது. ஏனெனில் வகுத்துப் பார்த்து, வலியவனையும் எளியவனையும் வேறென்று சொல்லி, எளியவனுக்கென்று கொடுத்த பணம் அது. வேறுபாடு பொய்யானால் பதினான்காம் ஷரத்துக்கு முன் அந்த மானியத்துக்கு நிற்க இடமில்லை. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வாயிற்படியில் உட்கார வைத்த கணக்கன் எழுந்து போய்விட்டால், கதவு யாருக்காகத் திறந்திருக்கிறது?

பணமாகக் கொடுக்காத மானியமும் உண்டு. அது திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்து நூற்பு ஆலைகளுக்கு நன்கு தெரியும். உள்நாட்டில் விற்கும் நூலில் ஒரு பங்கைச் சிட்டா நூலாகவே கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஆலைகளின்மேல் சட்டம் சுமத்திய கடமை. ஏனெனில் கைத்தறிக்குச் சாயம் தோய்க்கவும் தார் சுற்றவும் சிட்டா நூலே ஏற்றது. முன்பு 50 விழுக்காடாக இருந்த பங்கு 2003-இல் 40 ஆகவும் 2019-இல் 30 ஆகவும் குறைந்தது. தறிகள் குறைந்தன, ஆதலால் தேவையும் குறைந்தது என்று ஆலைக்காரர் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் சங்கத்துச் செயலாளர் நூலுக்காகக் காத்திருந்த நாட்களை அறிந்தவர்கள், நூல் கிடைக்காததாலும் தறிகள் நின்றன என்பதைச் சொல்வார்கள். தமிழக சர்க்காரோ 2023-இல் கைத்தறி நெசவாளர் வீடுகளுக்கு இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியது; அதே உத்தரவில் விசைத்தறிக்கு 750-லிருந்து 1000 ஆகவும் உயர்த்தியது. விசைத்தறிக்காரரும் பெரும்பாலும் எளியவரே. எனினும் ஒரே கையால் இருவருக்கும் கொடுக்கும்போது, கைத்தறியைத் தனியே வகுத்த அந்தப் பழைய நியாயத்தைச் சர்க்கார் மறுபடியும் எழுதிக் காட்ட வேண்டிய கடமை உண்டு என்று நினைக்கிறேன்.

நெசவுக்குக் கொடுத்ததைப்போலவே, இந்தச் சீமையில் இன்னொரு தொழிலுக்கும் பொதுப்பணம் சென்றது. அது தோல் பதனிடும் தொழில். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் கட்டுவதற்கு மானியம் தர சர்க்கார் முன்வந்தும் கட்டாமல் காலங்கடத்திய தோல் தொழிற்சாலைகள்மீது 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், அந்நாளில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் என்று வழங்கிய நம் மாவட்டத்தின் பெயரும் இருக்கிறது. கிணற்றுநீர் கெட்ட தோட்டக்காரனுக்கும் தோல் முதலாளிக்கும் நடுவே வரிப்பணம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்ற கேள்வி அங்கே வேறு வடிவில் எழுந்தது. அந்த வழக்கை அடுத்த பகுதியில், பேகம்பூரிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

(தொடரும்)